பிஜியின் சனிக்கிழமைகள்

பா என்ற ஊருக்குத்தான் முதலில் போவது என்று பயணச்சீட்டு எடுத்தபோதே முடிவு செய்திருந்தேன். பிஜிக்கு வருகிறவர்கள் அநேகமாக அந்தப் பக்கம் போவதில்லை. நாண்டி விமான நிலைய வாசலில் கடற்கரை விடுதிகளின் வண்டிகள் வரிசையாக நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. நான் லவுடோக்கா பேருந்தில் ஏறி, அங்கே வண்டி மாறி, விட்டி லெவு தீவின் வடக்குக் கரையோரமாகப் போனேன். பேருந்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாயை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதுதான். வழிநெடுகக் கரும்பு. ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் சிறு ரயிலின் தண்டவாளம் சாலையோடு கூடவே வந்து, திடீரென்று குறுக்கே வெட்டி மறுபுறம் போய்விடுகிறது. தகரக் கூரை வீடுகளின் முற்றத்தில், மூங்கில் கழிகளில் சிவப்புக் கொடிகள். வண்டியில் பாதிப் பேர் இந்திய முகம்.

இந்தப் பா பகுதியில்தான், 1884 வாக்கில், பிஜி மண்ணில் முதன்முதலாக ரக்பி ஆடப்பட்டது. ஆடியவர்கள் படையினர். வெள்ளையரும் இருந்தார்கள், தீவின் ஆதிக்குடிகளான இதௌகேய் மக்களும் இருந்தார்கள். தலைவர் செரு தாகொம்பாவுவும் மற்றத் தலைவர்களும் 1874-ல் தீவுகளை விக்டோரியா ராணியிடம் ஒப்படைத்துப் பத்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் ரக்பிக்கு ஒரு சங்கம் அமைந்தது 1871-ல். ஆகவே ஆட்டம் அதன் சொந்த ஊரிலேயே இளசாக இருந்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் இன்று பாவில் இறங்கி யாரிடமாவது விளையாட்டுப் பேச்சை எடுத்தால், அவர்கள் பேசுவது கால்பந்தைப் பற்றி. கடைக்காரர், பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை விற்பவர், பள்ளிச் சீருடையில் நிற்கும் பையன் எல்லாரும் கால்பந்துதான். மாவட்டங்களுக்கிடையிலான கால்பந்துக் கோப்பையை மிக அதிக முறை வென்ற அணி பா. நாட்டின் பெயரை உலகத்துக்குச் சொன்ன ரக்பி முதலில் உருண்ட ஊர் எப்படிக் கால்பந்து ஊராயிற்று? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் தீவைச் சுற்றினேன்.

விடையின் பாதி கரும்பில் இருக்கிறது. பிஜியின் முதல் நிரந்தர ஆளுநர் ஆர்தர் கார்டன், இதௌகேய் மக்களை அவரவர் கிராமத்தில், அவரவர் தலைவருக்குக் கீழே, அவரவர் நிலத்தில் இருக்கவிட்டார். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார். லியோனிடாஸ் என்ற முதல் கப்பல் 1879 மே 14 அன்று வந்தது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கினர் அப்படி வந்தவர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். ஒரே தீவில் ஒருவர் கிராமத்தில், மற்றவர் கூலி லயத்தில். ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ஒரே கோயிலில் கும்பிடவில்லை. பிறகு எப்படி ஒரே மைதானத்தில் விளையாடுவார்கள்?

நாண்டிக்குத் திரும்பியபோது, ஊரின் தெற்கு முனையில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போனேன். தென்கடல் தீவுகளில் இவ்வளவு பெரிய முருகன் கோயிலைப் பார்க்கும்போது நெஞ்சு நெகிழத்தான் செய்கிறது. அங்கே ஒரு பெரியவர் பழக்கமானார். அவருடைய பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவராம். அவர் பேச்சில் தமிழ் கொஞ்சம், பிஜி இந்தி அதிகம். "நம்ம ஆளுங்களுக்கு பால் கேம்னா சாக்கர்தான் தம்பி" என்றார். சாது குப்புசாமி 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளை நடத்துவதோடு, ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் மாநாடும் நடத்துகிறது. மாநாட்டுடன் கால்பந்துப் போட்டி உண்டு. பெரியவர் அதில் இளமையில் ஆடியவர். 1938-ல் பிஜிக் கால்பந்துச் சங்கம் உருவானபோது அதன் பெயரிலேயே 'இந்திய' என்பது இருந்தது. 1960-களில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

"ரக்பி ஆடிப் பார்த்ததே இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா விடமாட்டார். அவங்க உடம்பு என்ன, நம்ம உடம்பு என்னன்னுவார்."

இந்த உடம்புப் பேச்சைப் பயணம் முழுக்கக் கேட்டேன். ரக்பி இதௌகேய் மக்களின் ரத்தத்தில் ஊறியது, அது அவர்களுக்குப் பிறவி வரம், பயிற்சியே தேவையில்லை என்று வெளிநாட்டு வர்ணனையாளர்களும் ஓயாமல் சொல்கிறார்கள். பாராட்டு மாதிரித் தெரிகிறது. நான் இதை ஏற்கவில்லை. ஒரு மக்கள் கூட்டம் 100 ஆண்டுகளாக உழைத்து உருவாக்கிய கலையை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது. கரும்பு வெட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று நம்மவர்களைச் சொன்னதும் இதே வாய்தான்.

உழைப்பின் கதையைத் தெரிந்துகொள்ளச் சுவாவுக்குப் போக வேண்டும். தலைநகரின் கடலோரத்தில், வெள்ளை வெளேரென்று நிற்கும் கிராண்ட் பசிபிக் ஹோட்டலுக்கு எதிரே ஆல்பர்ட் பார்க். 1970 அக்டோபர் 10 அன்று பிரிட்டிஷ் கொடி இறங்கிப் பிஜிக் கொடி ஏறியது இந்தப் புல்வெளியில்தான். அந்த ஹோட்டலைக் கட்டுவதற்கு நியூசிலாந்திலிருந்து வந்த வேலையாட்களில் பேடி ஷீஹன் என்பவர் ஒருவர். ரக்பிப் பித்தர். 1913-ல் பிஜி ரக்பிச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில், அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நியூசிலாந்து அணி சுவாவில் இறங்கி ஒரு பந்தயம் ஆடி 67-3 என்று வென்றது. பிஜியின் சார்பில் ஆடியவர்கள் எல்லாரும் வெள்ளையர்.

அடுத்த ஆண்டு இதௌகேய் மக்களுக்கெனத் தனிப் போட்டி தொடங்கியது, பிறகு தனிச் சங்கமும் வந்தது. வெள்ளையர் சங்கம் வேறு, சுதேசிகள் சங்கம் வேறு. நாட்டின் ரக்பியை வளர்த்தது இரண்டாவது சங்கம். 1924-ல் அதன் அணி டோங்காவுக்குக் கப்பலேறியது. வழியில் சமோவாவின் ஆப்பியாவில் இறங்கி ஆகஸ்ட் 18 அன்று ஒரு பந்தயம் ஆடியது. சமோவா வீரர்கள் வேலைக்குப் போக வேண்டுமே என்று காலை 7 மணிக்கே ஆட்டம். மைதானத்தின் நடுவில் ஒரு மரம் நின்றது. அதைச் சுற்றி ஓடி ஆடினார்கள். பிஜி 6-0 என்று வென்றது. அதைத்தான் பிஜியின் முதல் சர்வதேசப் பந்தயமாகக் கணக்கில் வைக்கிறார்கள்.

காலணி இல்லாமல் ஆடியவர்கள் 1938-ல் நியூசிலாந்து மாவோரி அணி வந்தபோதுதான் பூட்ஸ் போட்டார்கள். மறு ஆண்டு நியூசிலாந்துக்கே போனார்கள். 8 பந்தயங்களில் 7 வெற்றி, 1 சமன். அந்த நாட்டில் முழுச் சுற்றுப்பயணம் செய்து ஒன்றிலும் தோற்காமல் திரும்பிய முதல் அணி அது. எதிரணி 'ஹாக்கா' ஆடிக் காட்டும்போது நாமும் ஒன்று ஆட வேண்டாமா என்று, அணியில் இருந்த ஜார்ஜ் தாகொம்பாவு தன் பாவு தீவின் பெரியவர்களிடம் கேட்டுத் 'திம்பி' என்ற போர் நடனத்தை வாங்கி வந்தார். தீவுகளை பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்த அந்தத் தாகொம்பாவுவின் கொள்ளுப்பேரன் இவர். பின்னாளில் இதௌகேய் மக்களிலிருந்து வந்த முதல் கவர்னர் ஜெனரலும் இவரே.

சுவாவிலிருந்து மேற்கே திரும்பும் வழியில் சிங்கடோக்கா வருகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சில இடங்களில் 60 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய மணல் மேடுகள். 1989-ல் அதைப் பிஜியின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தேசிய அணிகள் பயிற்சிக்கு வருவது இங்கேதான். செங்குத்தான மணற்சரிவில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது. நான் நடந்தே மூச்சு வாங்கினேன். அதில் ஓடுகிறார்கள், ஒருவரை ஒருவர் தோளில் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். பிறவி வரம் என்று பேசுகிறவர்கள் இந்த மணலில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு உள்ளூர் நண்பரோடு போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது. சந்தையில் யங்கோனா வேர்க்கட்டு வாங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, கிராமத் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும். அவர் கைகொட்டி ஏற்றுக்கொண்ட பிறகு, இடித்த வேரைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் தருகிறார்கள். மண்வாசனை அடிக்கும் கசப்பு நீர், நாக்கு மரத்துப்போகிறது. வீடுகள் எல்லாம் ஒரு பொதுப் புல்வெளியைச் சுற்றி அமைந்திருக்கின்றன. அதற்கு ராரா என்று பெயர். ஒரு பக்கம் மெதடிஸ்ட் தேவாலயம். ஊர்ச் சடங்குகளும் கூட்டங்களும் ராராவில் நடக்கும். சாயங்காலமானால் அது ரக்பி மைதானம்.

வெயில் தாழ்ந்ததும் பையன்கள் வந்தார்கள். ஒரு குழுவிடம் தேய்ந்த முட்டைப் பந்து, சின்னப் பிள்ளைகளிடம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில். ரக்பியில் பந்தை முன்னால் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். மற்ற நாடுகளில், எதிராளி மடக்கிப் பிடித்தால் பந்தைக் கட்டிக்கொண்டு விழச் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே விழுந்துகொண்டிருக்கும்போதே, ஒற்றைக் கையால், முதுகுக்குப் பின்னாலிருந்து பந்து அடுத்தவனுக்குப் போகிறது. அடுத்தவன் அங்கே இருப்பான் என்ற நம்பிக்கையில் போகிறது. இருக்கிறான். நெருக்கடியான சிறு ராராவில், பத்து வயது முதல் அதே தோழர்களோடு நாள்தோறும் ஆடினால்தான் இது வரும். பாட்டியிடம் சமையல் பழகியவள் அளவு பார்க்காமல் உப்புப் போடுவது போல, அவர்கள் கை தானாகப் போகிறது.

ராரா தொடங்கிவைத்ததைப் பள்ளி எடுத்துக்கொண்டது. குயின் விக்டோரியா பள்ளி, ராத்து கடாவுலெவு பள்ளி போன்ற இதௌகேய் விடுதிப் பள்ளிகள் ரக்பியைப் பாடமாகவே வளர்த்தன. பள்ளிகளுக்கிடையிலான டீன்ஸ் கோப்பை இறுதியாட்டத்துக்கு இன்றும் நாடு திரண்டு வருகிறது. பள்ளிக்குப் பின் படையும் காவல்துறையும் வீரர்களுக்கு வேலை கொடுத்தன. தேவாலயம் ஞாயிற்றுக்கிழமையைத் தனக்கு வைத்துக்கொண்டு சனிக்கிழமையை ஆட்டத்துக்கு விட்டது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பாட்டும் ஜெபமும் கொடுத்தது. கிராமம், தேவாலயம், பள்ளி, படை என்ற இந்த நான்கும் சேர்ந்துதான் ரக்பியை வளர்த்தன. நான்குக்கும் வெளியே நின்றவர்கள் இந்தியர்கள். பாவில் தொடங்கிய கேள்விக்கு மிச்சப் பாதி விடை இதுதான்.

1987-ஐப் பற்றி நாண்டிக் கோயில் பெரியவர் தானாகவே பேசினார். மே 14 அன்று படை ஆட்சியைப் பிடித்தது. லியோனிடாஸ் வந்து சரியாக 108 ஆண்டுகள் முடிந்த நாள். இந்தியர்களின் ஆதரவோடு அமைந்த அரசைத் தூக்கி எறிந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பின. பத்தே நாள் கழித்து, மே 24 அன்று, முதல் உலகக் கோப்பை ரக்பியில் பிஜி அர்ஜென்டினாவை 28-9 என்று வென்று, பிறகு காலிறுதி வரை போனது. "நாடு கொண்டாடுச்சு. நாங்க கதவைச் சாத்திக்கிட்டு இருந்தோம்" என்றார். அந்தக் காலிறுதியைப் பற்றி ரக்பிப் புத்தகங்கள் எவ்வளவோ பேசும். சாத்திய கதவைப் பற்றியும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமையாகும்.

ரக்பி எல்லாருடைய வீட்டுக்கும் வரத் தொடங்கியதற்குத் தொலைக்காட்சி ஒரு காரணம், ஏழுபேர் ரக்பி இன்னொரு காரணம். 1991-ல் பிஜியில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியதே அந்த ஆண்டின் உலகக் கோப்பை ரக்பியைக் காட்டத்தான். ஏழுபேர் ஆட்டம் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் 1883-ல், நெட் ஹெய்க் என்ற கசாப்புக்காரரின் யோசனையில் பிறந்தது. அதே பெரிய மைதானம். 15 பேருக்குப் பதில் 7 பேர். 80 நிமிடங்களுக்குப் பதில் 14 நிமிடங்கள். வெட்டவெளி நிறைய. ராராவில் பழகியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1976-ல் தொடங்கிய ஹாங்காங் போட்டியை மறு ஆண்டே பிஜி வென்றது. காவ் தீவிலிருந்து வந்த வைசாலே செரெவி 1997-லும் 2005-லும் ஏழுபேர் உலகக் கோப்பையை ஹாங்காங்கில் ஏந்தினார். குள்ளமான மனிதர். அவர் ஓட்டத்தின் பழைய பதிவுகளை இன்றும் கடைகளில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2016-ஐப் பற்றிக் கேட்டால் பிஜியில் யாரும் சுருக்கமாகப் பேசமாட்டார்கள். அந்த பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 பேரைக் கொன்று, கிராமம் கிராமமாக வீடுகளைப் பிய்த்துப் போட்டது. ஏழுபேர் அணியின் அப்போதைய பயிற்சியாளர் பென் ரயன் இங்கிலாந்துக்காரர். வந்த புதிதில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வேலை பார்த்தவர். ஒலிம்பிக்கில் அந்த ஆண்டுதான் ஏழுபேர் ரக்பி சேர்க்கப்பட்டது. ரியோவில் இறுதியாட்டம் நடந்தபோது பிஜியில் வெள்ளிக்கிழமை காலை. கடைகள் அடைத்துக் கிடந்தன. பிஜி 43-7 என்று பிரிட்டனை வென்றது. ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டிலும் அதுவரை ஒரு வெண்கலம்கூட வாங்காத, சுமார் 9 லட்சம் மக்களே உள்ள நாட்டுக்கு முதல் பதக்கமே தங்கம், அதுவும் தங்களை ஆண்ட நாட்டை வென்று. வீரர்கள் வட்டமாக நின்று தேவாலயப் பாட்டுப் பாடினார்கள். இளவரசி ஆன் பதக்கம் அணிவித்தபோது ஒவ்வொருவரும் மண்டியிட்டுக் கைகொட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

"அன்னிக்கு எங்க தெருவுல யாரு எந்த ஜாதி, எந்த இனம்னு தெரியலை. என் பேத்தி தேசியக் கொடியை முகத்துல வரைஞ்சுக்கிட்டு ஓடுறா. எங்க வீட்டுல ரக்பிக்காக யாரும் அழுதது கிடையாது தம்பி. அன்னிக்கு நான் அழுதேன்" என்றார் பெரியவர். அரசு பொது விடுமுறை விட்டது. மறு ஆண்டு 7 டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டது.

அடுத்த ஒலிம்பிக்குக்காக டோக்கியோவுக்குப் போவது அதைவிடக் கடினமாக இருந்தது. கொரோனாக் காலம். வீரர்கள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்கவில்லை. உறைமீன் ஏற்றிப்போகும் சரக்கு விமானத்தில்தான் ஜப்பான் போனார்கள். இறுதியில் நியூசிலாந்தை 27-12 என்று வென்று மீண்டும் தங்கம். இரண்டு தங்கமும் பெற்ற ஒரே பிஜி வீரர் ஜெர்ரி துவாய். அதே ஒலிம்பிக்கில் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். பெண் பிள்ளைக்கு ரக்பி எதற்கு என்று வீட்டிலும் ஊரிலும் பேச்சு வாங்கிக்கொண்டே ஆடிய பெண்கள் அவர்கள். பிஜியின் இன்னொரு பெண்கள் அணி அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ கோப்பையை வென்றது. இப்போது ராராவில் சிறுமிகளும் ஓடுகிறார்கள், நானே பார்த்தேன்.

ஆட்களை ஏற்றுமதி செய்யும் நாடாகவும் ரக்பி பிஜியை ஆக்கிவிட்டது. நியூசிலாந்துக்கு ஜோ ரோகோதோகோ, சிவிவாத்து. ஆஸ்திரேலியாவுக்கு லோட்டே துகிரி. பிரான்சுக்கு ராகா. பிஜியில் பிறந்து வேறு நாட்டுச் சட்டையில் ஆடியவர்களின் பட்டியல் நீளம். பிரெஞ்சுக் கிளப்புகள் பள்ளிப் பருவத்திலேயே பையன்களைக் கண்டுபிடித்து அழைத்துப் போகின்றன. அவர்கள் அனுப்பும் பணத்தில் கிராமங்களில் கல்வீடுகள் எழும்புவதும் உண்மை, குளிர்நாட்டில் தனியாகக் கிடந்து பையன்கள் உடைந்துபோவதும் உண்மை. எஞ்சியவர்களைக் கொண்டும் பிஜி 2007-ல் வேல்ஸை 38-34 என்றும், 2023-ல் ஆஸ்திரேலியாவை 22-15 என்றும் உலகக் கோப்பையில் வென்று காலிறுதிக்குப் போனது. இவர்கள் எல்லாரையும் ஊரிலேயே வைத்து ஆடவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அதற்கான முதல் படி 2022-ல் வந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகள் மோதும் சூப்பர் ரக்பியில் பிஜிக்கென ஓர் அணி சேர்ந்தது. பெயர் த்ருவா, தீவினரின் பழைய இரட்டைப் படகின் பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த நாட்டிலேயே ஆட ஒரு வழி பிறந்தது. பல முறை கோப்பையை வென்ற குரூசேடர்ஸ் அணியை 2023 மார்ச்சில் லவுடோக்காவில் 25-24 என்று த்ருவா சாய்த்த நாளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

லவுடோக்கா சர்ச்சில் பார்க்கில் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். கரும்பாலை ஊர் அது. கூட்டத்தில் தேவாலயப் பாடகர் குழு மாதிரி ஒரு பகுதி பாடிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்வரிசையில் ஓர் இந்தியக் குடும்பம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், நால்வருக்கும் வெளிர்நீலச் சட்டை. அவர்கள் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் பிரித்துப் பக்கத்திலிருந்த இதௌகேய் மூதாட்டிக்கும் எனக்கும் நீட்டினார்கள். த்ருவா வீரர் ஒருவர் விழுந்துகொண்டே பின்கையால் பந்தைத் தந்து, அடுத்தவர் கோட்டைத் தாண்டியபோது, மூதாட்டியும் அந்தச் சின்னப் பையனும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

வேலை முடிந்துவிடவில்லை. தேசிய அணியின் பட்டியலில் இந்தியப் பெயரைப் பார்ப்பது இன்றும் மிக அரிது. சன்மார்க்க சங்கப் பள்ளிகளில் இப்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ரக்பிப் பந்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் விழுந்து, அப்பாக்கள் தடுக்காமலிருந்தால் அந்தப் பட்டியல் மாறும். அப்படி மாறும் நாளில்தான் ரக்பியைப் பிஜியின் தேசிய விளையாட்டு என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பிஜிக்குப் போகிறவர்கள் பயணத்தைப் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். த்ருவாவின் உள்ளூர் ஆட்டங்கள் லவுடோக்காவிலும் சுவாவிலும் அப்போதுதான் நடக்கின்றன. நாண்டி விமான நிலையத்திலிருந்து லவுடோக்கா அரைமணி நேரப் பயணம்தான். நுழைவுச்சீட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்; பெரிய அணிகள் வரும் நாளில் மைதானம் நிரம்பிவிடுகிறது.